மகள் கூப்பிட்டது மாதாவை

நாங்கள் குடியேறிய வெரிபீயின் பூங்காவில், காலால் உந்தும் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த என் ஐந்து வயது மகள் "அம்மா" என்று அழவில்லை. "மாதாவே" என்றாள்.

நான் புரட்டஸ்தாந்து வீட்டில் வளர்ந்தவள்; மாதாவிடம் வேண்டிப் பழகாதவள். கத்தோலிக்கரான கணவருக்காகவும், கத்தோலிக்கப் பள்ளியில் இடம் கிடைக்கட்டும் என்றும், மகளுக்கு அவர்கள் கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதித்தேன். அது சரியா என்று இன்னும் யோசிக்கிறேன். நான் வேலைக்குப் போகும் நாள்களில் கணவரின் அக்கா, என் மச்சாள்தான் அவளைப் பார்த்துக்கொள்வார். செபம் பழக்கியதும் அவர்தான்.

"பாத்தீரோ, பிள்ளை ஆரைக் கூப்பிடுறா எண்டு?" பூங்காவுக்குக் கூட வந்திருந்த மச்சாள் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. மச்சாள் மீதா, மாதா மீதா என்று தெரியவில்லை.

முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டியதும் மகள், "அம்மா, நீங்களும் சிலுவை போடுங்கோ" என்றாள். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. போட்டால் மச்சாள் வென்றதாகிவிடும். போடாவிட்டால் பிள்ளை அவரிடமே போய்விடுவாள். நெற்றியையும் நெஞ்சையும் தொட்டு, வலது தோளுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"நோ அம்மா, மற்றத் தோள்தான் முதல்!" மகள் அழுகையை மறந்து என் கையைப் பிடித்தாள்.

"விடும், நான் காட்டித் தாறன்" என்று மச்சாள் கிட்ட வந்தார்.

"வேண்டாம் மச்சாள்," என்றேன். "என்ர பிள்ளை பழக்கட்டும்."