தன் கதவில் தட்டு வீசிய ஒட்டீலி

ஒட்டீலி நோஸ்கெ ஹாம்பர்கில் கப்பலேறிய அன்று காற்று செத்துக் கிடந்ததாம். அவள் மாலுமிகளை வைத வசவில்தான் பாய் புடைத்தது. கப்பல் தெற்கு ஆஸ்திரேலியா வரை நிற்காமல் ஓடியது. வழியில் திமிங்கிலங்கள் ஒதுங்கி நின்று மரியாதை செய்தன. நம்பாதவர்கள் அவளிடம் வெள்ளரிக்காய் ஊறுகாய்க்குப் பேரம் பேசிப் பார்க்கலாம்.

அங்கே ஜெர்மன்காரர்கள் குடியேறிய லிண்டன்டால் ஊருக்கு வந்த சில வருஷத்தில், கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் போனான். நிலத்தை விற்றுவிட்டு அண்ணன் வீட்டோடு இருக்கச் சொன்னது ஊர். மிச்சக் கிணற்றை அவளே வெட்டினாள். ஊறிய முதல் வாளித் தண்ணீரை அண்ணன் வீட்டுக்கே அனுப்பினாள்.

ஐம்பதைத் தொட்ட பிறகு, ஐரிஷ்கார வண்டியோட்டி கார்மடியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். லுத்தரன் சபைப் போதகர் ஹென்ஷ்கெ வீடு தேடி வந்தார்.

"போப்புக்கு மண்டி போடுறவன் உனக்கு எதுக்கும்மா?"

"மண்டி போட்டுத்தான் என் திராட்சைக்குக் களையெடுக்குறாரு, போதகரய்யா. நம்ம சபையில யாருக்கு முட்டி மடங்குது?"

"அப்ப உன் வாசல்ல ஒரு சட்டிகூட உடையாது."

சாதாரண மிரட்டல் இல்லை அது. கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் ஊரே வந்து பெண் வீட்டு வாசலில் பழைய சட்டி பானையை உடைக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து பெருக்குவார்கள். எதுவும் உடையவில்லை என்றால் ஊர் அந்தக் கல்யாணத்தை ஏற்கவில்லை.

அந்தச் சாயங்காலம் ஒட்டீலி துடைப்பத்தோடு படியில் உட்கார்ந்தாள், பக்கத்தில் கார்மடி. தெருவில் ஜன்னல் திரைகள் மட்டும் அசைந்தன.

"எங்க ஐரிஷ்கார ஆளுங்கள கூட்டியாரட்டா? ஊத்திக் கொடுத்தா வீட்டையே உடைப்பானுங்க."

"உடைக்க வேண்டியது இந்த ஊரு."

உள்ளே போய், முதல் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட தட்டுகளை எடுத்துவந்தாள். தன் கதவிலேயே ஒன்றை வீசினாள். இன்னொன்று. மூன்றாவதைக் கையில் எடுத்தாள்.

அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு ஜாடி பறந்து வந்து படியில் சிதறியது. சற்றுப் பொறுத்து எதிர்வீட்டுக் கதவு திறந்தது. க்ளெம் வீட்டம்மா யாரையும் பார்க்காமல், விளிம்பு போன பால்சட்டியோடு வெளியே வந்தாள்.

ஒட்டீலி குனிந்து ஜாடித் துண்டு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். நேரே வேலிக்கு நடந்தாள்.

"எமில், எந்திரி. போன வாரம் என் நிலவறையில காணாமப் போன ஜாடி. உடைச்சது சரி. உள்ள இருந்த வெள்ளரிக்கா எங்கடா?"

நான் எழுந்து நின்றேன். கடைசி வெள்ளரிக்காய் வாயில் இருந்தது.