கிழிந்த ஸ்பீக்கரில் வந்த பாட்டு

எனக்குக் கல்யாணம் ஆனபோது முப்பத்தொன்பது வயது. அவருக்கு நாற்பத்திரண்டு. அந்த வயதில் சேர்ந்து வாழ வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. மலேசியாவில், ஆற்றங்கரை ஊரான கோத்தா திங்கியில் அவர் இருந்த வாடகை வீட்டுக்கு நான் ஒரு பெரிய கீபோர்டையும் இரண்டு பெட்டி நிறையப் பாட்டுப் புத்தகங்களையும் கொண்டுபோனேன். பதினைந்து வயதிலிருந்து மாதா கோயிலில் பூசைக்கு வாசிப்பவள் நான். வார நாட்களில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். அவரிடம் ஒரு கறுப்பு கிட்டார், இடுப்பு உயரத்துக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு சுவரை அடைத்துக்கொண்டு ஹெவி மெட்டல் இசைத்தட்டுகள். அவர் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார்.

சனிக்கிழமை மதியங்களில் அவரும் இரண்டு நண்பர்களும் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வாசிப்பார்கள். கடைக்காரர் டிரம்ஸ். அவருடைய தந்தை ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து அந்தக் கடையைத் தொடங்கியவர். எல்லாரையும் போல நானும் கடைக்காரரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாமவர் அடிச்சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசித்தார், நில அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு மலாய்க்காரர்.

முதல் வருடம் எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் இருந்தது. வீட்டில் அவர் கிட்டாரை எடுத்தால் நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏங்க, இதுல பாட்டு எங்கங்க இருக்கு?"

"அடியில இருக்கு. பொறுமையா கேட்டா தெரியும்" என்றார். கோபம் இல்லை. அந்தப் பதிலே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது வருட மழையில் ஆறு ஏறியது. காலையில் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. நான் துணிமணியையும் பத்திரங்களையும் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். அவர் என் கீபோர்டைத் தனியாளாகத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்புச் சுற்றினார். அப்புறம் பாட்டுப் புத்தகப் பெட்டிகள். அப்புறம் இசைத்தட்டுகளை வாரிப் பரணில் அடுக்கினார். அதற்குள் கூடத்தில் முழங்கால் வரை தண்ணீர். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, போலாம் என்றார். ஆம்ப்ளிஃபயர் தண்ணீரில் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஐந்து நாள் தங்கினோம். இரண்டாவது நாள், விரிப்பில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஏன் உங்க சாமான முதல்ல தூக்கல?

"உன்னோடது தண்ணி பட்டா செத்துரும். என்னோடத திறந்து பாத்துக்கலாம்லா. அதான் என் வேலையே" என்றார்.

சொன்னபடி திறந்து பார்த்தார். சேற்றை அள்ளி, வீட்டைக் கழுவி முடித்த பிறகு, ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துத் துண்டு துண்டாக வாசலில் வைத்தார். சர்க்யூட்டைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். கெட்டுப்போன பாகங்களை மாற்றினார். வெயில் வந்தால் வெளியே, மழை வந்தால் உள்ளே என்று மூன்று வாரம், கைக்குழந்தையைப் போல அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

ஒரு ஞாயிறு, நான் பூசை முடிந்து வந்த நேரம், மின்சாரம் கொடுத்தார். ஒரு தந்தியை மீட்டினார். ஊறிக் காய்ந்த ஸ்பீக்கர் காகிதம் நடுவில் வெடித்திருந்தது. சுரம் முழுசாக வராமல் கரகரவென்று கிழிந்து வந்தது. ஆறுதலாக என்ன சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் மறுபடி மீட்டினார். மறுபடியும். முகம் மெல்ல மாறியது.

"இங்க வந்து உக்காரு" என்றார். "முத முதல்ல இப்படித்தான் இருந்துச்சு."

அன்றைக்குத்தான் அவர் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் கறுப்பின இசைக்கலைஞர்கள் ப்ளூஸ் வாசித்த காலத்தில் இப்படி அடிபட்ட, ஈரம் பட்ட பெட்டிகளிலிருந்து இந்தக் கரகரப்புத் தற்செயலாக வந்ததாம். கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போனது. பின்னால் வந்தவர்கள் நல்ல ஸ்பீக்கரையே பிளேடால் கீறிப் பார்த்தார்கள். ப்ளூஸ் தட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. அங்கே தொழிற்சாலை நகரத்துப் பையன்கள் அதைக் கேட்டு, இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாக, இன்னும் கனமாக வாசித்தார்கள். நாளெல்லாம் இயந்திரம் இடிக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாளம் காதிலேயே இருந்திருக்கும் என்றார். தகடு அழுத்தும் இயந்திரங்களோடு இருபது வருடம் வாழ்ந்தவர் சொன்னபோது நான் நம்பினேன்.

அவர் வாசித்த இரண்டு சுரங்கள் என் காதில் நின்றுவிட்டன. மறுபடி வாசிக்கச் சொல்லி, கீபோர்டில் தேடிப் பிடித்தேன். ச-வும் அதற்கு மேலே பிரதி மத்யமமும். பாடகர் குழுவில் எனக்கு நான்கு குரல் இசை சொல்லிக்கொடுத்தவர் தவிர்க்கச் சொன்ன அதே இடைவெளி. ஐரோப்பாவில் அதற்குச் சாத்தானின் பெயரை வைத்திருந்தார்கள். நம் கர்நாடக சங்கீதத்திலோ பாதி மேளகர்த்தா ராகங்களில் அந்த மத்யமம் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சொன்னதும் அவர் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருடம் வாசித்தவருக்கு அதன் பெயர் தெரியாது. பெயர் தெரிந்த நான் அதை வாசித்ததில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தால் இசைத்தட்டுகளைக் காலத்தில் பின்னோக்கிப் போய்க் கேட்டோம். அவருடைய மெட்டலில் தொடங்கி, அதற்கு முந்தைய ராக், அதற்கு முந்தைய ப்ளூஸ், அதற்கும் முன்னால் வயலில் வேலை செய்தவர்களின் பாட்டு, அவர்களுடைய தேவாலயப் பாட்டு. ஒருவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் பதில் சொல்லும். பூசையில் நாங்கள் மன்றாட்டுச் சொல்கிற முறைதான் அது. என் காதில் பட்டது இன்னொன்று. ப்ளூஸ்காரர்கள் அந்தச் சுரத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மெட்டல்காரர்கள் அங்கேயே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். இதை நான் சொன்னபோது அவர் உடனே பாய்க்கு போன் போட்டு, "டேய், என் வைஃப் சொல்றத கேளு" என்றார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

பாயின் கடையும் வெள்ளத்தில் முங்கியிருந்தது. இரண்டு மாதம் கழித்துத் திறக்கிற அன்று மதியம் வந்து வாசிக்கச் சொன்னார். பேஸ் வாசித்தவருக்கு அதற்குள் மூவார் என்ற ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது.

"அண்ணி, பேஸ நீங்க கீபோர்டுல இடது கையில வாசிங்க, போதும்" என்றார் பாய்.

நான் முடியாது என்றேன். மூன்று நாள் முடியாது என்றேன். நான்காம் நாள் வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்தேன்.

கடை நிறைந்திருந்தது. முதலில் ஒரு பழைய ப்ளூஸ் நடையில் தொடங்கினோம். சுற்றுக்குச் சுற்று அவர் கிட்டாரின் கனம் கூடியது, பாய் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். கிழிந்த ஸ்பீக்கர் உறுமியது. என் இடது கை தரையில் நடப்பது போல அடியில் நடந்தது. அடியில் இருக்கிறது என்று அவர் சொன்னது எனக்கு விரல்களில் புரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது மேசையில் எங்கள் பங்குச் சாமியார் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சுரம் தவறியது. அவர் கிட்டாரிலிருந்து என்னைப் பார்த்து, சும்மா வாசி என்பது போல தலையசைத்தார். வாசித்தேன்.

முடிந்ததும் சாமியார் கைகழுவிவிட்டு வந்தார்.

"கடைசியில கொஞ்சம் இழுத்து வாசிச்சீங்க. நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு யோசித்து, "ஞாயித்துக்கெழம வேணாம்" என்றார்.

இப்போது பேஸ் நான்தான். சனிக்கிழமைகளில் வேகம் பற்றிச் சண்டை போடுகிறோம். எனக்கு அவர் ரொம்ப மெதுவு, அவருக்கு நான் அவசரம்.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று என்னைக் கூட்டிப்போக அவர் சீக்கிரமே வந்துவிட்டார். அவர் இந்து. மாதா கோயிலுக்குள் வந்ததில்லை. வெளியே வெயில் அதிகம் என்பதால் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இயேசு இறந்த நாள் என்பதால் அன்று நாங்கள் எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. பெண்கள் எல்லாரும் சேர்ந்து, துணை இல்லாமல், மாதாவின் புலம்பலை மெதுவாகப் பாடினோம்.

காரில் ஏறினோம். பாலம் தாண்டிய பிறகு சொன்னார்.

"இவ்ளோ கனமா நாங்க வாசிச்சதே இல்ல."

ரேடியோவைப் போடக் கையை நீட்டினேன். வேண்டாம் என்றார்.