அப்பாவின் இடத்தில் இருந்த பூசணிக்காய்கள்

இந்த நினைவு மலரின் அட்டையில், சிவந்த மேப்பிள் மரத்தின் கீழ் அப்பா சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை எடுத்தவன் நான். என் பண்ணையில் அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்பதற்கு அத்தாட்சியாக அதை எல்லோருக்கும் காட்டித் திரிந்தவனும் நானே. உண்மையில் அவர் சிரித்தது, அங்கிருந்து புறப்படக் கிடைத்ததற்காக.

யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்து, மண்வெட்டியிடமிருந்து தப்புவதற்கென்றே படித்தவர் அப்பா. நாட்டை விட்டு வந்தபின், மொன்றியல் நகரத் துறைமுகத்துக்கு அருகே ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்கி என்னையும் தங்கையையும் ஆளாக்கினார். ஓய்வுபெற்றதும் தினமும் மெட்ரோ ஏறிப்போய், நண்பர்களுடன் கதைத்துவிட்டு வருவார். அம்மா மறைந்தபின், இயற்கை வாழ்வு பற்றிய புத்தகங்கள் படித்துக் கெட்டுப்போயிருந்த நான், நகரத்திலிருந்து இரண்டு மணித்தியாலத் தொலைவில் ஒரு பண்ணையை வாங்கி, அவருடைய வாடகை வீட்டையும் விடச்செய்து, அவரை மீண்டும் மண்வெட்டியிடமே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

இலையுதிர்காலம் வந்தது. அறுவடை முடிந்து வேலை ஓய்ந்தது. மலை முழுவதும் சிவப்பும் மஞ்சளும். நான் தேநீருடன் கதிரையில் சாய்ந்து, "பாருங்கோ அப்பா, என்ன அமைதி!" என்பேன்.

"ஓம் தம்பி. பஸ்சும் வராது."

யன்னலடியில் நின்று பாதையையே பார்ப்பார். கார் ஓட்டத் தெரியாதவருக்கு அது எங்கும் போகாத பாதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தை ஒட்டிய லவாலிலிருந்து தங்கை குடும்பம் இலை பார்க்க வரும். அன்று அப்பா காலையிலேயே காற்சட்டை, சப்பாத்து, தொப்பி சகிதம் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். விருந்தினருக்காக உடுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர்களுடைய காரில் ஓரிடம் மிஞ்சும் என்பதை அவர் கவனித்து வைத்திருந்தார். ஆனால் வந்தவர்களை வெறுங்கையுடன் அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டா? அந்த இடம் நிறைய நான் பூசணிக்காய் அடுக்குவேன். மகன் மனம் நோகக்கூடாதென்று அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். ஒருமுறை காருக்குள் எட்டிப் பார்த்து, "இறுக்கி வையுங்கோ, உருளும்" என்று மட்டும் சொன்னார். கார் போனதும் உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றினார்.

நான்காவது ஞாயிறு இலைகள் கொட்டத் தொடங்கியிருந்தன. பனி விழுந்தால் எவரும் வரமாட்டார்கள். நான் அடுக்கிய காய்களை அப்பா ஒவ்வொன்றாக இறக்கி மரத்தடியில் வைத்தார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"நான் பிள்ளையோடை போறன். இந்த வடிவை நீ இருந்து பார்."

தங்கை கார்க் கதவைத் திறந்து பிடித்தாள். அட்டைப்படம் அப்போது எடுத்ததுதான்.

குளிர்காலம் முழுவதும் தங்கை வீட்டிலிருந்து மெட்ரோவில் போய்வந்தார். வசந்தம் தொடங்கிய ஒரு நாள், வெளியே போய்வந்து சாய்மனைக் கதிரையில் சாய்ந்தவர் பிறகு எழவில்லை. அவரை வைத்துப் பார்த்த தங்கைக்கும் மைத்துனருக்கும், பனியிலும் அவரைத் தேடி வந்த நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் எங்களைத் தாங்கிக்கொண்ட உறவுகளுக்கும் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் தங்கையிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"அண்ணா, அந்தப் பூசணிக்காய் வெறும் தண்ணி. கறிக்கு உதவாது. ஒவ்வொரு கிழமையும் வழியிலை இறக்கிப்போட்டுத்தான் போனனாங்கள். சொன்னால் கவலைப்படுவியள் எண்டு விட்டிட்டம்."