அருவிக்குப் போய்க் குளிக்காத பீர் மைதீன்

சங்கிலிப்பாண்டி சுரண்டைக்கும் தென்காசிக்கும் நெல் மூட்டை ஏற்றி வண்டி ஓட்டியவன். 1936ஆம் வருஷம் ஆனியில் அவனுக்கு வேறு மாதிரிச் சுமை கிடைத்தது. மளிகைக்கடை வைத்திருந்த கணவர் இறந்ததும் பார்வதியம்மாள் ஒரு தர்மம் எழுதிவைத்தார். மூட்டு வலியோடு கிடக்கிற ஏழைக் கிழவர்களைச் சாரல் காலம் முழுக்க வெள்ளிதோறும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, சுக்குக்காப்பி கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். வண்டிக் கூலி அந்தத் தர்மத்திலிருந்து வந்தது.

அதுவரை மாடுகளோடு மட்டுமே பேசிப் பழகியவனுக்கு இந்தக் கிழவர்களின் வாயாட்டம் பிடித்துப்போனது. ஒருவர் மட்டும் அவனுக்குப் புதிராக இருந்தார். பீர் மைதீன், தறியை விட்டு ஓய்ந்த நெசவாளி. வண்டியில் முதல் ஆளாக ஏறுவார். அருவிக்கரையில் மற்றவர்கள் வேட்டியை இறுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போக, இவர் பாறையில் உட்கார்ந்துகொள்வார். தலைத்துண்டுகூட நனையாமல் திரும்புவார்.

குளிருக்குப் பயமா? காப்பிக்காக வருகிறாரா? அதையும் பாதிக்கு மேல் பக்கத்து ஆளுக்குக் கொடுத்துவிடுகிறாரே! ஒருநாள் அவர் வீட்டு வாசலிலேயே கேட்டுப் பார்த்தான்.

"பாய், நீங்க ஏன் குளிக்க மாட்டேங்கிய?"

"ஆமாலே, இன்னைக்கும் மழை வரும்," என்று சிரித்தார்.

பிடி கொடுக்காத மனுஷன் என்று நினைத்துக்கொண்டான்.

தர்மத்தைக் கவனித்த காரியஸ்தர் நல்லதம்பிக்கு விஷயம் எட்டியது. "குளிக்காதவருக்கு எதுக்குலே எடம்? இனிமே ஏத்தாதே," என்றார். இந்த ஒரு வாரம் மட்டும் கூட்டிப்போகிறேன் என்று சங்கிலிப்பாண்டி கெஞ்சி வாங்கினான்.

அந்த வெள்ளியன்று அருவியில் தண்ணீர் இரைந்து கொட்டியது. பாறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே எல்லோரும் கத்துகிற மாதிரியே அவனும் கத்தினான்:

"பாய்! ஏன் குளிக்கல?"

உடனே பதில் வந்தது. "காதுல சீழ் வடியுதுலே. தண்ணி பட்டா உசிரு போவுது."

"பெறகு எதுக்கு வாறிய?"

"வீட்டுல எல்லாம் வாயத்தான் அசைக்குதாவ. ஒண்ணும் கேக்கல. இந்த வண்டி கடகடப்புல எல்லாவனும் கத்துதான், இங்கனயும் கத்துதான். யாரு வீட்டுல கல்யாணம், எவன் வயலு மூழ்கிச்சு, அம்புட்டும் எனக்கு இப்பதான் தெரியுது."

சங்கிலிப்பாண்டி நேரே பார்வதியம்மாளிடம் போய்ச் சொன்னான். அங்கே இருந்த நல்லதம்பி, "குளிக்கன்னுதானே எழுதியிருக்கு அம்மா," என்று இழுத்தார்.

பார்வதியம்மாள் அவரை மறித்தார். "நோவுக்குன்னுதான் நான் குடுத்தேன். குளிக்கது ஒரு நோவுக்கு. வேற நோவும் இருக்கும்லா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வண்டியிலயும் அவரு வரட்டும்."

மருந்தில் சீழ் வற்றியது. செவிப்புலன் திரும்பவில்லை. மறு வருஷம் பீர் மைதீன் எண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு, அருவியின் ஓரத்தில் முதுகை மட்டும் காட்டி நின்றார். திரும்பும்போது வழிநெடுக அவர்தான் அதிகம் பேசினார்.

சங்கிலிப்பாண்டி அந்த வண்டியை இன்னும் பல சாரலுக்கு ஓட்டினான். கத்திப் பேசுவது அவனுக்கே பழகிவிட்டது. "இங்கனதான இருக்கேன், ஏன் இப்படிக் கத்துதிய?" என்று அவன் மனைவி பாலம்மாள் சோற்றுக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.