கணக்கில் வராத கட்டுரை

என் அக்கா தண்ணீரிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு பொடியைச் செய்தாள். அதை 'நானோ துகள்கள்' என்பாள். தனித்தனியாகக் கண்ணுக்கே தெரியாதாம். ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஒப்பந்த வேலை. அது நிரந்தரமாக வேண்டுமென்றால், நல்ல மதிப்பெண் உள்ள ஆய்விதழ் ஒன்றில் அவள் கட்டுரை வர வேண்டும். ஓர் இதழில் வந்தவற்றை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை சுட்டிக்காட்டுகிறார்கள் என்று பார்த்து அந்த மதிப்பெண்ணைப் போடுவார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே அது புரிந்தது. எங்கும் அப்படித்தானே, நாலு பேர் வாயில் விழுந்தால்தான் ஒருவருக்கு மதிப்பு.

நானோ பொருட்களுக்கென்றே வரும் ஓர் இதழுக்கு அனுப்பினாள். மாதக்கணக்கில் பதில் இல்லை. அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆய்வுக்கூடத்து வெள்ளை அங்கி தொளதொளவென்று ஆகி, நான்தான் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

ஒருவழியாக இதழாசிரியரின் பதில் வந்தது. கட்டுரை நன்றாக இருக்கிறது, எங்கள் இதழில் அண்மையில் வந்த சில கட்டுரைகளையும் சுட்டிக்காட்டினால் ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னவற்றில் ஒன்று பெயின்ட் பற்றியது. இன்னொன்று பல் அடைப்பது பற்றியது.

"தண்ணிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள் அக்கா.

அத்தான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாயாலதானே குடிக்கிறோம்? சேர்த்துவிடு. எல்லாரும் செய்றதுதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்த்தாள். கட்டுரையும் வந்தது.

நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்குச் சற்று முன்னால் விஷயம் வெளியே வந்துவிட்டது. எழுதுகிறவர்களிடமெல்லாம் இப்படிக் கேட்டு வாங்கித்தான் அந்த இதழ் உயர்ந்திருக்கிறது என்று தெரிந்து, மதிப்பெண் போடுகிறவர்கள் அதைத் தங்கள் பட்டியலிலிருந்தே அடியோடு நீக்கிவிட்டார்கள். நேர்காணலில் யாரும் அக்காவைக் கடிந்துகொள்ளவில்லை. உங்கள் சோதனை சரிதான், ஆனால் இந்தக் கட்டுரையைக் கணக்கில் எடுக்க வழியில்லை என்று தணிந்த குரலில் சொன்னார்களாம். ஒருமுறை வெளிவந்ததை வேறு இதழுக்கு அனுப்பவும் கூடாது. புதிதாகத்தான் ஏதாவது செய்ய வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அதன் சாவியை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

"திட்டியிருந்தாக்கூடத் தேவலை," என்றாள் வீட்டுக்கு வந்ததும். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

இப்போது தரை ஓடு ஒட்டும் பசை செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். பசை காய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அத்தான் அந்தக் கட்டுரையைப் பற்றி வாயே திறப்பதில்லை.

போன மாதம் நாங்கள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது யாரோ ஓர் ஆய்வு மாணவி அக்காவைப் போனில் கூப்பிட்டாள். கட்டுரையைப் படித்து அதே பொடியைச் செய்து பார்த்தாளாம். ஈயம் பிரிகிறது, ஆனால் பொடி கட்டிதட்டிப் போகிறது என்றாள். அக்கா ஈரத் துணியைத் தோளில் போட்டபடி விளக்க ஆரம்பித்தாள். சூட்டை மெல்ல ஏற்று, கலக்குவதை மட்டும் நிறுத்தாதே என்று என்னென்னவோ சொன்னாள். அவள் அவ்வளவு பேசிக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. சட்டையெல்லாம் நனைந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

கடைசியில் அந்தப் பெண், தன் கட்டுரையில் அக்காவுடையதைச் சுட்டிக்காட்டப்போவதாகச் சொன்னாள்.

"வேணாம்மா," என்றாள் அக்கா. "அந்த இதழ் பேரைப் பார்த்தா உன்னோடதையும் ஓரங்கட்டிருவாங்க. உனக்குப் பொடி நல்லா வந்தாப் போதும்."

போனை வைத்துவிட்டுத் தோளில் கிடந்த துணியை எடுத்து உதறினாள்.