யாருக்கும் வேண்டாத குழாய்

வாயால் பேசியே ஒரு தண்ணீர்க் குழாயை மூடிவிட முடியுமா? முடியும். போன மாதம் நான் கிட்டத்தட்ட மூடிவிட்டேன்.

நம் மாநிலத்தின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. ஈய விலை விழுந்தது. ஈயம் தோண்டும் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. ஈயத்தில் வந்த வருமானம் போனால் மாநிலக் கஜானாவில் என்ன மிஞ்சும்? சட்டமன்றத்தில் பட்ஜெட் படித்த அன்று ரேடியோ செய்தியில் 'சிக்கனம்' என்ற சொல் எத்தனை தடவை வந்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு கை போதவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்; எப்போதாவது பேப்பருக்கு ஏதாவது எழுதி அனுப்புவதோடு சரி. பட்ஜெட்டெல்லாம் எனக்குப் புரியாது. புரியாத விஷயத்துக்குத்தானே கவலை அதிகம்? நில வரி ஏறுமா? வீட்டு வரி ஏறுமா? தெருவிளக்கை அணைத்துவிடுவார்களா?

"கவர்மெண்டுக்கு மந்திரி இருக்காரு, கணக்கு எழுத கிராணி இருக்காரு. நீங்க எதுக்கு சோத்தப் பெசஞ்சிக்கிட்டே ஒக்காந்திருக்கீங்க?" என்பாள் என் மனைவி சரோஜா.

நாங்கள் இருப்பது பத்து காஜா டவுனுக்குப் போகும் சாலையில், துண்டு போட்டு விற்கப்பட்ட ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில். சாலையோரமாக மனை வாங்கிய எங்களுக்கு வீட்டுக்குள்ளேயே குழாய், மீட்டர் எல்லாம் உண்டு. பின்னால் பழைய லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் ஆறு குடும்பங்கள். அவர்கள் பெயரில் நிலம் இல்லை. நிலம் இல்லாத வீட்டுக்கு மீட்டர் கிடையாது. அவர்களுக்குத் தண்ணீர் என்றால் சாலை முனையில் இருக்கும் பொதுக் குழாய்தான். அதற்கு பில் கட்டுவது மாநில அரசாங்கம்.

போன மாதம் தண்ணீர் இலாகாவிலிருந்து எங்கள் கோயில் தலைவருக்கு ஒரு கடிதம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓர் அதிகாரி பொதுக் குழாயைப் பார்வையிட வருகிறார். அவ்வளவுதான். எதற்கு? எழுதவில்லை! காரணம் எழுதாத கடிதத்தைப் போல மனுஷனைப் படுத்துவது வேறு உண்டா? தலைவரோ அதை என் கையில் கொடுத்து, "பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, சுங்காயில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

குழாயடியைப் போய்ப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் பாசி. சுற்றிலும் தண்ணீர் பிடிக்கும் தோங்குகள், பீப்பாய் பீப்பாயாக. துவைக்கிற கல். கொடியில் நாலைந்து கைலி. 'இங்கே குளிக்கவோ துணி துவைக்கவோ கூடாது' என்று ஒரு பலகை — அந்தப் பலகையின் ஆணியில்தான் சோப்புப் பை தொங்குகிறது!

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயம் பார்க்க துரை வருகிறார் என்றால் ஆட்களை மேய்க்கும் மண்டோர் முதல் நாளே சத்தம் போடுவார். சட்டி பானை உள்ளே போகும். கோழி கூண்டுக்குப் போகும். காய்ச்சலில் கிடப்பவன்கூட எழுந்து சட்டை மாட்டிக்கொள்வான். "எல்லாம் சரியா?" என்பார் துரை. "எல்லாம் சரி தொரை!" கூரை ஒழுகுகிறது என்று எவனும் வாய் திறக்கமாட்டான். திறந்தால், ஒழுகுகிற கூரையும் போய்விட்டால்?

மண்டோர் வேலையை இப்போது நான் எடுத்துக்கொண்டேன்.

லயத்தில் முதல் வீடு அஞ்சலை வீடு. புருஷன் போன பிறகு தோசை மாவு ஆட்டி, பத்து காஜா சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட்டுப் பிழைக்கிறாள். காலை, மாலை இரண்டு வேளையும் அவளுக்குத் தண்ணீர் வேண்டும்.

"அண்ணே, பத்து மணி வரைக்கும் நான் அரிசி கழுவுவேன். தோங்க எங்க கொண்டுபோய் வைக்கச் சொல்றீங்க, ஒங்க தலையிலயா?"

"ஒரு நாள்தானே தங்கச்சி. அழுக்கா கெடந்தா, கொசு வருதுன்னு மூடிட்டுப் போயிருவாங்க லா."

"ஒழுகுற டேப்ப மாத்த வாராங்களோ என்னமோ?"

"எதுக்கு வந்தாலும் சுத்தமா இருக்கணும்ல?"

"சரி சரி... பேப்பர்ல எழுதுறவரு சொல்றீங்க, தப்பாவா இருக்கும்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நக்கல் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

சிலிபினில் நான் வேலை செய்யும் டயர் கடைக்கு லீவு சொன்னேன். பாசியைச் சுரண்டினோம். தோங்குகளை என் வீட்டுப் பின்பக்கம் உருட்டிக்கொண்டு போய் அடுக்கினோம். கொடியை அவிழ்த்தாயிற்று. விடிந்ததும் சரோஜா குழாயடியில் ஒரு கோலம்கூடப் போட்டாள். அதிகாரி வந்து போகும்வரை யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டேன்.

அதிகாரி இளவயது மலாய்க்காரர். கையில் எழுதி நிரப்புகிற ஒரு பாரம், அச்சடித்த தாள். மலாயில்தான் பேசிக்கொண்டோம்; ஐயா என்பதற்கு அதில் 'என்சே'.

"ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே!"

"எப்போதும் இப்படித்தான் என்சே."

"யார் யார் பயன்படுத்துகிறார்கள்?"

இங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே அந்தப் பலகை. காதுக்குள் ரேடியோவின் 'சிக்கனம்'. குளிக்கிறோம், துவைக்கிறோம், மாவு ஆட்டுகிறோம் என்று சொன்னால் என்ன ஆகும்?

"அதிகமில்லை என்சே. வழியில் போகிறவர்கள் யாராவது தாகத்துக்குக் குடிப்பார்கள்."

"பின்னால் இருக்கும் வீடுகள்?"

"அவர்களும்... கொஞ்சம்தான். நாங்கள் தண்ணீரை வீணாக்குவதில்லை."

அவர் காய்ந்து கிடந்த தரையைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். எனக்குக் கை கொடுத்துவிட்டு வண்டி ஏறினார். அன்று மத்தியானம் நான் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் அடுத்த கடிதம் வந்தது. இந்தக் கடிதத்தில் காரணம் இருந்தது. குழாயின் பயன்பாடு மிகக் குறைவு. மாநில அரசின் செலவுக் கட்டுப்பாட்டை முன்னிட்டு இம்மாத இறுதியில் அது மூடப்படும்.

அஞ்சலைக்கு நான்தான் படித்துச் சொன்னேன். கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம்னு யாரு சொன்னா?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"அண்ணே, யாரு சொன்னா?"

"நான்தான்."

"ஒங்க வீட்டுல தொறந்தா தண்ணி வருது. அதான் கொஞ்சம்னு சொல்ல வாய் வந்திருக்கு." ஆற்றுப் பக்கம் கை காட்டினாள். "ஆத்துல லம்பத்து மண்ணு ஓடுது. அதுலயா நான் மாவு ஆட்டுறது? தொவைக்கிறோம், குளிக்கிறோம்னு சொல்லி, அதுக்கு அவங்க கேஸ் போட்டு அபராதம் கேட்டிருந்தாக்கூட நான் கட்டியிருப்பேனே!"

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஈப்போவுக்கு ஓடினேன். இலாகா கவுண்டரில் கிராணியாக நம் தமிழ் ஆள் ஒருவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "இங்க வாரவங்க எல்லாம் குழா வேணும்னு அழுவாங்கண்ணே. வேணாம்னு சொல்லிட்டு வந்து அழுவுற மொத ஆளு நீங்கதான்" என்றார். ஆனாலும் அந்த அதிகாரியிடம் அழைத்துப் போனார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தோங்குகளை ஒளித்தது, கொடியை அவிழ்த்தது, ஆட்களை வீட்டுக்குள் வைத்தது. அதிகாரி பேனாவை மூடினார்.

"ஏன் மறைத்தீர்கள்?"

"ஒரு மரியாதைக்காக என்சே..."

"இந்த வருஷம் செலவைக் குறை என்று எனக்கு உத்தரவு. எங்கே குறைப்பேன்? வேண்டும் வேண்டும் என்று கத்துகிற இடத்திலா? கொஞ்சம்தான் என்று சொல்லி அனுப்புகிற இடத்திலா? நீங்களே சொல்லுங்கள்." பாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் மறுபடி வருவேன். எப்போது என்று சொல்லமாட்டேன். நீங்கள் துடைப்பத்தைத் தொடக் கூடாது."

தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலுக்கு ஓடினேன். டயர் கடையில் ஒரே டயரை இரண்டு தடவை கழற்றினேன். அவர் யாருமில்லாத நேரத்தில் வந்துவிட்டால்? வராமலேயே மாதம் முடிந்துவிட்டால்?

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வந்தார். குழாயடியில் திருவிழாக் கூட்டம். தோங்குகள் வரிசை. ஒருவர் தலை நிறைய சோப்பு நுரையோடு கைலியில் நிற்கிறார். யார் முறை என்று அஞ்சலைக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் சண்டை. தரையெல்லாம் அரிசி கழுவிய தண்ணீர். எனக்குக் கை பரபரத்தது. அந்தக் கைலியையாவது எடுத்துவிடலாமே என்று ஓரடி வைத்தேன். சரோஜா என் சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்தாள்.

"போகாதீங்க. வாயத் தொறந்தீங்க, அப்புறம் நம்ம குழாயும் போயிரும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதிகாரி அஞ்சலையிடம் ஏதோ கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த சந்தை மலாயில் மூச்சு விடாமல் பேசினாள். தோங்கைக் காட்டினாள், அரிசியைக் காட்டினாள், ஆறு வீட்டையும் காட்டினாள். ஒழுகுகிற டேப்பைத் திருகியும் காட்டினாள். அவர் எழுதினார். பாரத்தைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார்.

காசு குறைந்தால் அரசாங்கம் வெட்டத்தான் செய்யும். நம் வீட்டில் நாம் செய்யாததா? ஆனால் எந்த வீட்டிலும் முதலில் குறைவது யாருடைய தட்டில்? "எனக்குப் பசியில்லை" என்கிறவர் தட்டில்தானே? மரியாதை வேறு, தேவையை மறைப்பது வேறு. இது எனக்கு இவ்வளவு வயதுக்குப் பிறகு ஒரு குழாயடியில் புரிந்திருக்கிறது.

மாதக் கடைசி வந்தது... போனது. குழாயை மூட ஆள் வரவில்லை. மூடமாட்டோம் என்று கடிதமும் வரவில்லை. மறந்துவிட்டார்களா? மனம் மாறிவிட்டார்களா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆபீசுக்குப் போய் என்ன முடிவுன்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டா?" என்றேன் அஞ்சலையிடம்.

அவள் நிரம்பிய வாளியை இரண்டு கையாலும் என் தலைக்கு நேராகத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓரடி வைத்தாள். "கேட்டுத்தான் பாருங்களேன், அண்ணே!"