ஆயிரத்து இருநூற்றில் ஒரு சிவப்புக் கோடு

என் எழுதுமேசையில் தாள்கள் பறவாதிருக்க ஒரு வெண்கலத் தட்டு கிடக்கிறது. உள்ளங்கையினும் சற்றே பெரியது. வளைந்த ஆறு இதழ்கள் கொண்டது. நீரெக்கியின், அதாவது பம்பின், வயிற்றுக்குள் சுழன்று நீரை விளிம்புக்கு வீசும் உறுப்பு அது. ஊரார் இம்பெல்லர் என்பர். இதழ்களின் உட்புறம் கறையான் தின்ற பலகைபோல் குழிகுழியாய் அரித்திருக்கும். காண வருவோர் பழம்பொருள் என்று எண்ணி வியக்கிறார்கள், நான் மறுப்பதில்லை. இப்போது அதன் அடியில் இருப்பது என் தமக்கையின் மக்கள் அனுப்பிய மடல். மறைந்த தம் தந்தையின் ஓராண்டு நினைவு மலருக்கு, அவருடைய நீரியல் அறிவைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எழுதுகிறேன். அவர்கள் அச்சிட மாட்டார்கள்.

அத்தான் அபுதாபியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றில் நெடுங்காலம் இருந்து திரும்பியவர். கிணற்றடிக்கு வரும்போதும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றார். எவர் எதைச் சொன்னாலும் "அங்கன எல்லாம் இப்படிக் கிடையாது" என்று தொடங்குவார். அங்கு எப்படி என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கடையநல்லூரில் ஒரு திருமண விருந்தில் அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் என் அருகில் அமர்ந்தார். மணிக்கொருமுறை அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதே அத்தானின் பணி என்றார். அது இழிவான வேலையன்று. ஒழுங்காய்ச் செய்தால் மதிப்புக்குரியதே. முள்ளைப் படித்ததை நீரை அறிந்ததாக ஊருக்குள் விற்றாரே, அதைத்தான் நான் இகழ்கிறேன்.

இலஞ்சிக்குத் தெற்கே எங்கள் கூட்டுக் கிணறு. பங்காளர் மூவர்: அத்தான், நான், எங்களுக்குக் கீழே ஒன்றரைக் காணி நிலத்தைத் தனியாளாய் உழுது நட்ட கீழ்வயல் அம்மையார். கணவரை இழந்தவர், அந்த நெல்லைத் தவிர வேறு வருவாய் அற்றவர். முதல்நாள் அத்தான், மறுநாள் நான், மூன்றாம் நாள் அவர் என்று முறை சுற்றி வரும். பாட்டனார் காலத்திலிருந்தே எங்கள் ஊரில் நாளைப் பகிர்வார்களே ஒழிய நீரைப் பகிரமாட்டார்கள். தன் நாளில் ஒருவன் எவ்வளவு இறைத்தாலும் கேள்வியில்லை. கமலை கட்டி இறைத்த காலத்தில் மாட்டின் களைப்பே அதற்கு வரம்பாய் இருந்தது. மின்னோடிக்கு, மோட்டாருக்கு, களைப்பு இல்லை என்பதை நாங்கள் கணக்கில் கொள்ளவில்லை.

பழைய எக்கி ஓய்ந்தபின் புதியது ஒன்றை, சுழற்சி விரைவைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் பெட்டியோடு சேர்த்து, மூவரும் வாங்கினோம். அதைப் பொருத்த வந்தவர் கடையநல்லூரில் மின்னோடிகளுக்குக் கம்பி சுற்றித் தரும் பாய். முடிச்சிட்ட கயிறு ஒன்றைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டு, அவர் ஒரு முழுப் பகல் அங்கேயே குந்தியிருந்தார். எக்கியின் தகட்டில் பொறித்திருந்த நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்றில் ஓட்டினார். நீர்மட்டம் முடிச்சைவிட்டு விறுவிறுவென இறங்கியது. ஆயிரத்துக்குக் குறைத்தார், மேட்டுக் குழாயின் வாயில் நீர் எச்சிலாய் வடிந்தது. ஆயிரத்து இருநூற்றில் வாய்க்கால் நிறைந்து ஓடிற்று; முடிச்சும் நீரின் மேல் அசையாமல் நின்றது. ஊறுவதும் இறைப்பதும் சமமாகிய இடம் அது. பெட்டியின் திருகில் அந்த எண்ணுக்கு நேரே சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு கிழித்தார்.

அத்தான் சிரித்தார். "ஏ பாய், ஆயிரத்து நானூத்தி நாப்பதுன்னு கம்பெனிக்காரன் எழுதிருக்கான். நீ ஆயிரத்து எரநூறுங்கிற. அவன் படிச்சவனா, நீ படிச்சவனா?"

"அவன் பம்பப் பாத்து எழுதிருக்கான் அண்ணாச்சி. நம்ம கெணத்த அவன் எங்கன பாத்தான்?" என்றார் பாய், கையைத் துடைத்துக்கொண்டே. "கோட்டுக்குக் கீழ போனா தண்ணி மேல ஏறாது. மேல போனா கெணறு தாங்காது. அதோட, ஸ்பீடு ரெண்டு மடங்கானா லோடு எட்டு மடங்காவும். பம்பு ஓடும், கெணறு ஓடாதுல்லா?"

அவ்வாண்டு சாரல் பொய்த்தது. குற்றாலத்துப் பாறையில் அருவி ஈரக்கோடாய் ஒட்டிக் கிடக்க, வெளியூரார் துண்டும் எண்ணெயுமாய் வந்து வாய்க்கு வந்தபடி மலையை ஏசிவிட்டுப் போயினர். கால்வாயில் நீரில்லை, கார் நெல் முழுதும் கிணற்றை நம்பி நின்றது. அத்தான் தம் நாளில் திருகை ஆயிரத்து எழுநூற்றுக்குத் தள்ளினார். சுமை தாளாமல் பெட்டி இருமுறை தானே நின்றது. இருமுறையும் அதட்டுவதுபோல் பொத்தானை அழுத்தி ஓடவிட்டார். நீர் குழாயைவிட்டு எட்டிப் பாய்ந்தது. "பாத்தீரா மாப்ளே, ஐந்தருவி!" என்று கண்ணாடியைக் கழற்றாமலே கூவினார். நீர் தாங்கும் நெல்லுக்குக்கூட அன்று. தென்னந்தோப்பில் கணுக்கால் அளவு தேங்குவதற்கு.

மறுநாள் என் முறை. திருகு ஆயிரத்து எழுநூற்றிலேயே இருந்தது. சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். என் மேல்வயல் இரண்டு மணி நேரத்தில் நிறைந்துவிடும் என்றும் பார்த்தேன். திருகைத் தொடாமலே எக்கியை ஓடவிட்டேன்.

மூன்றாம் நாள் கீழ்வயல் அம்மையாருக்கு ஒரு மணி நேரமே நீர் வந்தது. பிறகு எக்கி, கூழாங்கல்லை ஆட்டுரலில் இட்டு அரைப்பதுபோல் இரைந்து, காற்றையும் மணலையும் துப்பியது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அவர் என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். "சார், ராவெல்லாம் ஊறுனாலும் கெணறு நெறையல. கதிர் பால் புடிக்க நேரம். நீங்க படிச்சவுக, அண்ணாச்சிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

இருவருமாய் அத்தானிடம் போனோம். நான் என் வழக்கப்படி தெளிந்த தமிழில், ஏற்றத்தாழ்வின்றிப் பகிர்தல் பற்றி ஏதோ சொன்னேன். அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை, அம்மையாரைப் பார்த்து, "ஏட்டி, ஒன் முறைய ஒனக்குக் குடுத்தமா இல்லியா? ஒன் நாள யாராவது தின்னுட்டாவளா?" என்றார். பிறகு அறிவுரையும் தந்தார்: "தண்ணி வரலன்னா இன்னும் கூட்டி வை. வலிச்சிட்டு வரும்." நான் வாய் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "ஒம்ம வயலுக்கும் சேத்துத்தான மாப்ளே வருது. பேசாம இரும்" என்றார்.

பேசாமல் இருந்தேன்.

ஒரு மாதம் இவ்வாறே சென்றது. பின்பு அம்மையாரின் நாளொன்றில் எக்கி அலறி நின்றது. கம்பிச்சுருள் கருகிய நாற்றம் வயல்வரை வந்தது. பாய் வந்து கழற்றினார். இந்தத் தட்டை வெளியே எடுத்து, "கோட்டுக்கு மேல ஓடுன ஒவ்வொரு நாளும் அரிச்சிருக்கு அண்ணாச்சி" என்று அத்தான் கையில் வைத்தார். அத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரக்கு சரியில்ல. அங்கன எல்லாம் இப்படிக் கிடையாது" என்று வரப்பிலே எறிந்துவிட்டுப் போனார். பழுது நீங்கப் பத்து நாளாயிற்று. என் நெல் முன்னரே முற்றியிருந்தது. அத்தானின் தென்னைகள் எதற்கும் அசையவில்லை. கீழ்வயலில் கதிர்கள் மட்டும் நிமிர்ந்தே நின்றன. மணி பிடித்திருந்தால் தலை சாய்ந்திருக்கும். அம்மையார் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினார். கையில் எதுவும் மிஞ்சவில்லை.

அத்தான் இறுதிவரை அது எக்கியின் குற்றம் என்றே சொல்லி வந்தார், நம்பியும் இருப்பார். அறியாமையை மன்னிக்கலாம். அறியாமைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி ஊரை நடத்துவதை மன்னிப்பதற்கில்லை. மலரில் அவரை எப்படிப் புகழ்ந்தாலும் புகழட்டும். ஆனால் அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. கோட்டின் பொருளைப் பாய் சொன்னபோது விளங்கிக்கொண்டவன் நான் ஒருவனே. இகழ்ச்சியில் மிகுந்த பங்கு எவருக்குரியது என்பதை எழுதும்போதுதான் காண்கிறேன்.

இப்போது பெட்டிக்குப் பூட்டு உண்டு. பாய் சொன்னபடி திறவுகோல் கீழ்வயல் அம்மையாரிடம். என் முறை நாளில் காலையில் அவர் வரப்பு வழியே வந்து நின்று கேட்பார்: "சார், கோட்டுலதான நிக்குது?"

"கோட்டில்தான் அம்மா" என்பேன்.

அவர் தலையசைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து தாமே குனிந்து பார்ப்பார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் என் சொல்லோடு அவர் திரும்பிச் சென்றதில்லை.

இரண்டு பக்கம் நிறைந்தது. தட்டை எடுத்துத் தாளின் மேல் வைக்கிறேன். விரல் குழிகளில் தடுக்குகிறது. எவை அத்தானின் நாளில் விழுந்தவை, எவை என் நாளில் விழுந்தவை என்று பிரித்தறிய முடியவில்லை.